வெலிகா ஏன் பூ நட்டாள்

வெலிகாவுக்கு மறுகல்யாண ஆசை வந்துவிட்டது என்றுதான் எங்கள் கலினோவ் ஊரே முடிவு கட்டியது. பின்னே என்ன? புருஷன் மெதோதி செத்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஐம்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை, அக்டோபர் குளிரில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தேனீக்காரர் கான்யோவின் பெட்டிகள் இருக்கிற மேட்டுச் சரிவுக்குப் போய்க் குழி வெட்டினால் ஊர் வேறென்ன நினைக்கும்? அதிலும் கான்யோ கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுஷர். கேட்கவா வேண்டும்!

"ஏன்டி வெலிகா, பூ நடறது தேனீக்கா, தேனீக்காரருக்கா?" என்று ரொட்டிக் கடை டோன்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"தேனீக்குத்தான்டி. உனக்கு வேற வேலையே இல்லையா?"

"எனக்கு எங்க வேலை? உனக்குத்தான் இந்த வயசுல புதுசா வேலை கிடைச்சிருக்கு."

வெலிகாவின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. வெட்கப்படுகிறாள் என்று கடையே சிரித்தது. அது வெட்கமில்லை. அவளுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நிஜமாகவே அவள் கான்யோ மேல் ஆசைப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவளே பலமுறை நினைத்திருக்கிறாள். ஆசையாவது வெளியே சொல்லக்கூடிய விஷயம்.

அந்த முதல் வருஷம் அவள் நட்டது க்ரோகஸ் கிழங்குகள். ஓடைக்கரையில் வில்லோக் குச்சிகள் ஊன்றினாள். பனி இருக்கும்போதே இலையில்லாத கிளையில் மஞ்சளாய்ப் பூக்குமே ட்ரியான், அதில் பதினொரு கன்று. அடுத்த வருஷம் மலைக்கு மேலே பீச் மரக் காட்டுக்குள் போய், ஸ்த்ராவெட்ஸ் என்று நாங்கள் சொல்லும் காட்டு ஜெரேனியத்தை வேரும் தண்டுமாகக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தாள். ஒருமுறை இரண்டு முறையல்ல, அந்தக் கோடையில் இருபது நடை. அதன் இலையைக் கசக்கினால் கையில் வாசனை சாயங்காலம்வரை போகாது. அது இல்லாமல் எங்களுக்குக் கல்யாணம் இல்லை, ஞானஸ்நானம் இல்லை. விருந்தாளியை ஒரு கொத்து கையில் கொடுக்காமல் அனுப்புவதும் இல்லை. ஆனால் தேனீக்கென்று யாரும் அதைச் சரிவு முழுக்க நட்டதில்லை. வீட்டு ஜன்னலில் அவள் வைத்திருந்த இந்திரிஷேச் செடிகள், சீமைமாதுளை ஜாமில் ஒரு இலை போடுவோமே அந்த வாசனை ஜெரேனியம், அதைக்கூட வெயில் காலத்தில் தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பிளம்ஸ் பூ கொட்டினதுக்கும் அகேசியா பூக்கறதுக்கும் நடுவுல பதினஞ்சு நாள் என் பிள்ளைங்க பட்டினி கிடக்கும்" என்று கான்யோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "இப்ப அந்தப் பதினஞ்சு நாளும் வெலிகா புண்ணியத்துல சோறு. அவ பொம்பளை இல்லடா, தெய்வம்."

அதைக் கேட்கும்போதெல்லாம் வெலிகா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

அவள் பூ நட ஆரம்பிப்பதற்கு ஆறு மாசம் முந்தி என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது.

வெலிகா எங்கள் ஊர் நிர்வாக அலுவலகத்தில் எழுத்தர். மேயர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் பெரிய விஷயம், மற்றபடி அலுவலகம் என்றால் அவள்தான். பழத்தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறவர்கள் அவளிடம் முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் அதைச் சதுக்கத்துப் பலகையில் ஒட்டுவாள். தேனீ வளர்ப்பவர்கள் பார்த்து, அன்றைக்குப் பெட்டியை மூடி வைப்பார்கள்.

பிளம்ஸ் தோட்டம் வைத்திருந்தவன் இக்னாத், கான்யோவின் கூடப்பிறந்த தம்பி. அதற்கு முந்தின வருஷம் அவன் யாரிடமோ வாய்வார்த்தையாகச் சொல்லியனுப்பி, அது போய்ச் சேராமல், அண்ணன் தம்பிக்குள் சின்னதாக ஒரு சண்டை. "இனிமே வாய்ப்பேச்சே வேணாம், சீட்டு எழுதி ஒட்டு, நான் பார்த்துக்கறேன்" என்று கான்யோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏப்ரலில் அவர் மேட்டுக் குடிசையிலேயே படுத்துக்கொள்வார். அங்கே போனும் எடுக்காது. சனிக்கிழமை மத்தியானம் ரொட்டி வாங்க இறங்கி வருவார், அப்போது பலகையைப் பார்ப்பார். இக்னாத்தும் அண்ணன் சொன்னபடியே, திங்கள்கிழமை விடிகாலை மருந்து அடிக்கப் போவதாக, வெள்ளிக்கிழமையே சீட்டைக் கொடுத்துவிட்டான். வெலிகா ஒட்டினாள். பதிவேட்டில் அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மெதோதியின் முதல் வருஷ நினைவு நாள். எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு ஓய்வு கிடையாது. நாற்பதாம் நாள், ஆறாம் மாசம், ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று படம் போட்டு நினைவுச் சீட்டு அச்சடித்துக் கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டே இருப்போம். சதுக்கத்துப் பலகையில் ஒட்டினால்தான் கௌரவம். காலையில் பசை டப்பாவோடு போய் நின்றாள் வெலிகா. பலகையில் இடமே இல்லை. ஒரு செத்தவர் மேல் இன்னொரு செத்தவரை ஒட்ட முடியாது, அந்த வீட்டார் வந்து தலைமுடியைப் பிடித்து உலுக்கிவிடுவார்கள். பலகையில் இருந்ததிலேயே உயிரோடு இருக்கிறவர் கொடுத்த காகிதம் ஒன்றே ஒன்றுதான். நல்ல இடம், கண்ணுக்கு நேராக. நேற்று மத்தியானத்திலிருந்து இருக்கிறது, பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாள். அதன் மேலே மெதோதியை ஒட்டினாள். ஒட்டிவிட்டு அழுதாள். ஒரு வருஷத்துத் துக்கம், மூளை எங்கே வேலை செய்தது!

செவ்வாய்க்கிழமை காலையில் கான்யோ தொப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார். அதை அவள் மேஜைமேல் கவிழ்த்தார். அத்தனையும் செத்த தேனீ. நாற்பத்திரண்டு பெட்டியில் முப்பத்தாறு போய்விட்டது.

"இக்னாத் சீட்டு குடுத்தானா, வெலிகா? நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும். நான் சனிக்கிழமை வந்து பலகையைப் பார்த்தேன். உன் மெதோதி படம் இருந்தது, தொப்பியை எடுத்துட்டு சிலுவை போட்டுக்கிட்டேன். வேற ஒண்ணும் இல்லையே!"

அந்த நொடியில்தான் அவளுக்கு விளங்கியது. வேலை போய்விடும் என்று பயம். மெதோதி முகத்தை வைத்து இப்படி ஒரு காரியம் நடந்துவிட்டதே என்று வெட்கம். செத்த தேனீக்களைப் பார்த்த அதிர்ச்சி வேறு. எல்லாம் சேர்ந்து ஒரு வார்த்தை வெளியே வந்தது.

"என் கைக்கு எதுவும் வரலேண்ணே."

அவர் போனதும் ஓடிப்போய்ப் பலகையிலிருந்து இரண்டு காகிதத்தையும் சேர்த்துக் கிழித்து அலுவலக அடுப்பில் போட்டாள். புருஷனின் முகம் எரிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புதிதாக ஒரு மெதோதியை அதே இடத்தில் ஒட்டினாள். மத்தியானம் இக்னாத் ஓடி வந்தான். "அக்கா, சொல்லுங்கக்கா, நான் குடுத்தேன்ல? உங்க கையிலதானே குடுத்தேன்?" என்று கெஞ்சினான். காலையில் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாகக்கூட இருந்தது. பாவி மகள், அதைத்தான் அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பிறகு என்ன? இக்னாத் பொய்யன் ஆனான். கோயில் வாசலில் எல்லாருக்கும் நடுவே கான்யோ தம்பியைப் பார்த்து, "சீட்டு குடுக்க மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்டா. குடுத்தேன்னு புளுகறியே, அந்த வெதவைப் பொம்பளை மேல பழி போடறியே, நீ எங்கம்மா வயித்துல பொறந்தவனா?" என்று கத்தினார். அதற்குப்பின் நான்கு வருஷம் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. இக்னாத்தின் பிளம்ஸை ஊரில் யாரும் வாங்குவதில்லை. குடிக்க உட்கார்ந்தால் அவன் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும்.

வெலிகா பூ நட்டுக்கொண்டே இருந்தாள். பிப்ரவரியில் ஒரு வெயில் அடித்துத் தேனீக்கள் வெளியே வந்து க்ரோகஸில் உட்கார்ந்தால், அன்றைக்கு அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கும். ஒரு வாரம் எங்கும் பூ இல்லாமல் போய்விட்டால் பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஆகிவிடுவாள். செத்துப் போன முப்பத்தாறு பெட்டிக்கு ஈடாக எத்தனை செடி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆகையால் நிறுத்தவும் தெரியவில்லை. தேனீக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். இக்னாத்துக்கு என்ன செய்வது? அவன் தெருவில் வந்தால் இவள் வேறு சந்தில் திரும்பிவிடுவாள்.

எல்லாவற்றையும்விட அவளை வதைத்தது மன்னிப்பு ஞாயிறு. நோன்புக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமை, இளையவர்கள் மூத்தவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். எதற்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். "மன்னிச்சிருங்க" என்றால் "ஆண்டவன் மன்னிக்கட்டும், நானும் மன்னிச்சாச்சு" என்று பதில், அப்புறம் அல்வாவைச் சாப்பிட உட்கார வேண்டியதுதான். பக்கத்து வீட்டு மூத்தவர் என்று வெலிகா மூன்று வருஷமும் கான்யோவிடம் போனாள். மூன்று வருஷமும் அவர் மனசார மன்னித்தார். "உனக்கு என்னத்தடி மன்னிக்கறது, என் பிள்ளைங்களுக்கு அம்மா நீ" என்று சொல்லிவிட்டு மன்னித்தார். மூன்று முறையும் திருடிக்கொண்டு வருகிறவளைப் போல வீட்டுக்கு வந்தாள்.

நான்காம் வருஷம் பிப்ரவரியில், தேன் ஆசீர்வாதத்து அன்றைக்குத்தான் அது வெடித்தது. ஊரெல்லாம் தேன் புட்டியோடு கோயிலில் நிற்கிறது. பாதிரியார் ஜபம் முடித்ததும் கான்யோ தன் முதல் புட்டியைத் தூக்கி வெலிகா கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "கூடப்பிறந்தவன் கொன்னான், அக்கம்பக்கத்துக்காரி பொழைக்க வெச்சா" என்று உரக்கச் சொன்னார். இக்னாத்தின் மனைவி ரூஷா இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ரூஷா வெலிகாவை நிறுத்தினாள். "தேன் நல்லா இருக்கட்டும்க்கா. ஈஸ்டர் முடிஞ்சா நாங்க கிளம்பறோம், பையன்கிட்ட ஸ்பெயினுக்கு. தோட்டத்தை வித்தாச்சு. இந்த மனுஷன் இங்க இருந்தா செத்தே போயிடுவார்."

"கிளம்பறீங்களா? ஒரேயடியாவா?"

"இங்க என்ன இருக்கு எங்களுக்கு?"

வெலிகா அந்தத் தேன் புட்டியைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து மன்னிப்பு ஞாயிறு. அந்தப் பன்னிரண்டு நாளும் சொல்லிவிடுவோம், வேண்டாம், சொல்லிவிடுவோம், வேண்டாம் என்று அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்தாள். சொன்னால் இந்த ஊரில் அவளுக்கென்று இருக்கும் ஒரே மனுஷர் போய்விடுவார். சொல்லாவிட்டால் இக்னாத் பொய்யனாகவே ஊரைவிட்டுப் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கென்ன, நீங்கள் கேட்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலாடைக்கட்டி வைத்த பானித்ஸா அடை சுட்டு, துணியில் மூடி, மேலே சிவப்பு நூல் கட்டிய ஒரு கொத்து ஸ்த்ராவெட்ஸ் வைத்து எடுத்துக்கொண்டு கான்யோ வீட்டுக்குப் போனாள். அவர் வெள்ளை அல்வாவை வெட்டிக்கொண்டிருந்தார். ட்ரியான் பூத்துவிட்டது, தேனீக்கள் கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு திரும்பி வருகின்றன என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"ஆண்டவன் மன்னி..."

"இருங்கண்ணே. சொல்லாதீங்க. இந்த வருஷம் முதல்ல என்னன்னு கேளுங்க."

"என்னடி இது புது வழக்கம்? உக்காரு, ஒரு கிளாஸ் ராக்கியா ஊத்தறேன்."

"இக்னாத் சீட்டு குடுத்தான்."

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அல்வாவில் பாதி இறங்கிய கத்தி அப்படியே நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மெதோதியின் வருஷம், பசை டப்பா, பலகை, அடுப்பு. பூ நட்டது எதற்கு என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் லேசாகவில்லை.

கான்யோ கத்தியை அல்வாவிலிருந்து உருவித் துணியில் துடைத்து வைத்தார்.

"தேனீ செத்ததை நான் மன்னிச்சிடுவேன் வெலிகா" என்றார் கடைசியில். "கை தவறிப் போச்சு. யாருக்கும் நடக்கும். ஆனா என் தம்பியை நான் பேசின பேச்சு? அதைப் பேசினது உன் வாயா, என் வாயா? நாலு வருஷமா அவன் தப்பு, அவன் தப்புன்னு சொல்லிக்கிட்டு நிம்மதியாத் தூங்கிட்டேன். இப்ப நான் எங்க போய்த் தூங்கறது?"

"அண்ணே..."

"அந்த வார்த்தையை இன்னைக்கு என்கிட்ட கேக்காதே. வரமாட்டேங்குது."

அவர் எழுந்து தொப்பியை எடுத்தார், தலையில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கினார். அறுபத்தைந்து வயசு மனுஷர், மன்னிப்பு ஞாயிற்றுக்கிழமை, தம்பி வீட்டை நோக்கி நடக்கிறார். மூத்தவன் இளையவன் வாசலுக்குப் போவதை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஜன்னல்களில் முகங்கள் வந்தன. டோன்கா கடை வாசலில் வாயைத் திறந்தவள் என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். வெலிகா பத்தடி பின்னால் நடந்தாள். வரச் சொல்லவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

இக்னாத்தின் கூடத்தில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது. கதவைத் திறந்தவன் அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றான். கான்யோ குனிந்து, தம்பியின் கையை எடுத்து, முத்தமிடப் போனார். இக்னாத் பதறிக் கையை உருவிக்கொண்டான்.

"என்னண்ணே பண்றீங்க! பைத்தியமா உங்களுக்கு?"

"இவ சொல்றதைக் கேளுடா" என்றார் கான்யோ. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசற்படியில் நின்றபடியே வெலிகா இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். ரூஷா உள்ளேயிருந்து வந்து கேட்டாள். கேட்டதும் அவள் வாயில் வந்த வசவுகளை நான் எழுதமாட்டேன், வெலிகாவுக்கு அத்தனையும் தகும். இக்னாத் மட்டும் திட்டவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா?" என்றான் மெதுவாக. "போன வருஷத்திலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஊரே சொல்லுது, அண்ணன் சொல்லுது, நீங்க பொய் சொல்ற ஆளே இல்ல. அப்ப நான் குடுக்கலையோ? குடுத்த மாதிரி கனவு கண்டேனோ? யோசிச்சு யோசிச்சு, இப்ப அந்த நாளே என் தலையில இல்லக்கா. இவகிட்டயே ஒருநாள், 'நான் குடுக்கலேன்னுதான் நினைக்கறேன்'னு சொல்லிட்டேன்."

ரூஷா வசவை நிறுத்தினாள். தான் இவனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாள் என்று வெலிகாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மானம் போனதுவரைதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்தே தம்பி" என்றாள். "வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். தூறல் போட்டுக்கிட்டிருந்தது. நீ சேறும் பூட்ஸுமா உள்ள வந்தே. இப்பத்தான் தரை துடைச்சேன், வெளிய நில்லுடான்னு கத்தினேன். நீ சிரிச்சுக்கிட்டே சுத்தி வந்து ஜன்னல் வழியா நீட்டினே. ஓரத்துல மழை பட்டு மை கலைஞ்சிருந்தது. கிழமை சரியாத் தெரியலேன்னு நான் பேனாவால மேல எழுதினேன். 'அண்ணன் ரொட்டி வாங்க வரும்போது பார்த்துடும்லக்கா?'ன்னு கேட்டே. பார்த்துடுவார், போன்னு நான் சொன்னேன்."

இக்னாத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஜன்னல் வழியா" என்றான். "பூட்ஸ்... ஆமா, தரை துடைச்சிருந்தீங்க." மனைவி பக்கம் திரும்பினான். "ரூஷா, நான் குடுத்திருக்கேன்டி."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கான்யோ வந்து அவன் பக்கத்தில் இன்னொரு பெட்டியில் உட்கார்ந்தார். வெலிகாவை யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. அந்த வார்த்தையையும் யாரும் சொல்லவில்லை. அவள் திரும்பிப் போகலாமா என்று படியில் ஒரு கால் வைத்தபோது இக்னாத் தலையைத் தூக்கினான்.

"போகாதீங்கக்கா. இன்னொரு தடவை சொல்லுங்க. முதல்லேர்ந்து. நான் உள்ள வந்தேன், அப்புறம்?"

வெலிகா வாசலிலேயே நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.